‘புரியுது’ என்பதன் அதிகாரம்

1

திருவேங்கடத்திலிருந்து ஒரு பெண்ணை நகரத்து மருத்துவமனைக்குக் கூட்டிக்கொண்டு போயிருந்தேன். ஊருக்குத் தெற்கே இருக்கிற தெருவைச் சேர்ந்தவர். ஐம்பது வயதுக்கு மேலிருக்கும். தீப்பெட்டி ஆபீஸில் பல வருஷம் கட்டை அடுக்கியவர். எங்கள் வீட்டில் அவரைப் பேர்சொல்லி ‘வா, போ’ என்றுதான் கூப்பிட்டார்கள். கல்லூரிக்குப் போனபின் நான் ‘அக்கா’ என்று மாற்றிக்கொண்டேன். அவர் என்னைத் ‘தம்பி’ என்று கூப்பிட அதற்குப் பிறகும் சில வருஷங்கள் ஆயின. அதுவரை ‘ஐயா’தான்.

மூன்று மாதமாக அவருக்குத் தூக்கமில்லை. கேட்டால் ‘நெஞ்சு காந்துது’ என்பார். இருதயத்தில் கோளாறு இல்லை என்றதும் மனநலப் பிரிவுக்கு அனுப்பினார்கள். அங்கே இருந்தவர் பயிற்சியிலிருக்கும் இளம் மருத்துவர். நல்ல மனிதர். முகம் பார்த்துப் பேசினார், அவசரப்படுத்தவில்லை. அக்கா தயங்கிய இடத்திலெல்லாம் நான் எடுத்துக் கொடுத்தேன். ‘காந்துது’ என்றதை, ‘கவலைங்க சார், பையன் திருப்பூர்ல இருக்கான், தனியா இருக்காங்க’ என்று மொழிபெயர்த்தேன். தமிழிலிருந்து தமிழுக்கு. மருத்துவர், ‘எனக்குப் புரியுதும்மா’ என்றார். மனசாரத்தான் சொன்னார்.

திரும்பும்போது பஸ் சங்கரன்கோவில் தாண்டியதும் அக்கா சொன்னார்: ‘அவருக்கு என்ன புரிஞ்சுதுன்னு எனக்குப் புரியல தம்பி.’ கொஞ்சம் கழித்து: ‘கல்யாண வீட்டுல பந்தியிலருந்து எந்திரிக்கச் சொன்னாங்கள்ல, அன்னையிலருந்துதான். நீயும் அங்கனதான சாம்பார் வாளியோட நின்ன.’

நின்றிருந்தேன். யாரும் அதட்டவில்லை. ‘அடுத்த பந்தியில உக்காரலாமே’ என்று சிரித்துக்கொண்டேதான் சொன்னார்கள். எனக்கு அது ஒரு சம்பவமாகவே பதியவில்லை.

2

உளப்பகுப்பாய்விலிருந்து கிளைத்த சிகிச்சை முறைகளில் ‘ஒத்துணர்வு’ என்ற சொல் இன்று மந்திரம்போல் புழங்குகிறது. பயிற்சி மாணவருக்கு முதலில் சொல்லித்தரப்படுவது இதுதான்: நோயாளியின் இடத்தில் உன்னை வைத்துப் பார். ஆனால் இந்தச் சொல் எப்போதும் இப்படி நல்ல பிள்ளையாக இருந்ததில்லை. 1912-இல் ஃபிராய்ட் அறுவை மருத்துவரைத்தான் முன்மாதிரியாகக் காட்டினார். இரக்கத்தைக்கூட ஒதுக்கிவைத்துவிட்டு வேலையைப் பார் என்றார். அடுத்த வருஷமே, பரிவோடு புரிந்துகொள்வதை விட்டு வேறு எந்த நிலையெடுத்தாலும் சிகிச்சை கெடும் என்றும் எழுதினார். 1928-இல் ஃபெரென்சி இதை மருத்துவரின் நயமறிதலோடு இணைத்தார். 1959-இல் ஹைன்ஸ் கோஹுட் ஒத்துணர்வை உளப்பகுப்பாய்வின் அறிதல் முறையாகவே நிறுவினார்: நாமே அடுத்தவராக நின்று உள்நோக்கிப் பார்ப்பது.

இதே கோஹுட் 1981-இல், இறப்பதற்குச் சில நாட்கள் முன் ஆற்றிய உரையில் சொன்ன ஒன்றைப் பயிற்சி வகுப்புகள் வசதியாக மறந்துவிடுகின்றன. ஒத்துணர்வு தன்னளவில் கருணை இல்லை, தகவல் சேகரிக்கும் கருவி. நாஜிகள் குண்டுவீசும் விமானங்களில் ஊளையிடும் சங்குகளைப் பொருத்தியபோது, கீழே இருப்பவர்கள் எப்படி நடுங்குவார்கள் என்பதை ஒத்துணர்வால்தான் அறிந்திருந்தார்கள் என்றார் அவர்.

பந்தியில் எழுப்பியவருக்கும் ஒத்துணர்வு இருந்தது. அதட்டினால் அக்கா பதில் பேசுவார், விஷயம் போலீஸ் ஸ்டேஷன்வரை போகும், சிரித்துச் சொன்னால் பேச வழியில்லாமல் எழுந்துபோவார் என்பது அவருக்குத் துல்லியமாகத் தெரிந்திருந்தது. எது வலிக்கும் என்ற அறிவைச் சாதி தலைமுறை தலைமுறையாகக் கையளிக்கிறது. ஆகவே அடுத்தவர் மனசை அறிவது மட்டும் நம்மை எங்கும் கொண்டுசேர்க்காது. அறிந்ததாகச் சொல்பவரை மறுக்கிற உரிமை யாருக்கு இருக்கிறது என்பதுதான் கேள்வி.

3

இந்தக் கேள்வி இந்தியாவுக்குப் புதிதில்லை. 1922-இல் கிரீந்திரசேகர் போஸ் கல்கத்தாவில் இந்திய உளப்பகுப்பாய்வுக் கழகத்தைத் தொடங்கினார். ஒவ்வொரு ஆசைக்குள்ளும் அதன் எதிராசை கிடக்கிறது, அடிக்கிற ஆசைக்குள் அடிபடுகிற ஆசையும் உண்டு என்பது அவருடைய கோட்பாடு. நோயாளியை எதிராளியின் இடத்துக்கு மாறி மாறி நகர்த்துவது அவர் சிகிச்சை. ஒத்துணர்வைப் பற்றி நம் மண்ணில் எழுந்த முதல் நவீனச் சிந்தனைகளில் ஒன்று என்றே இதைச் சொல்லலாம். ஆனால் அந்தக் கழகத்தில் கூடியவர்களில் பெரும்பாலோர் வங்காள மேல்சாதிப் படிப்பாளிகள். யாருடைய இடத்துக்கு யார் நகர முடியும் என்பதற்கு அந்த அறையே ஓர் எல்லை போட்டுவிட்டது.

கழகத்தின் தொடக்க உறுப்பினர்களில் ஒருவர் ராஞ்சி ஐரோப்பிய மனநல மருத்துவமனையை நடத்திய ஓவன் பெர்க்லி-ஹில். இந்தியப் பெண்ணை மணந்தவர். அதே மனிதர் 1921-இல், இந்துக்களின் மதம், தத்துவம், குணம் அத்தனையையும் குதப்பருவ வேட்கையின் விளைவாகச் சுருக்கி ஒரு கட்டுரை எழுதினார். பக்கத்திலே வாழ்வதும் குடும்பமாவதும்கூட ஆளுகிறவனின் பார்வையை மாற்றிவிடாது என்பதற்கு இது சாட்சி. அந்தக் கட்டுரையில் இந்தியர் பேசப்படுகிறார்கள், பேசுவதில்லை.

இதற்கு நேர் எதிரில் ஃபனானை வைத்துப் பார்க்கலாம். 1953-இல் அல்ஜீரியாவின் பிளிதா மருத்துவமனைக்கு வந்த அவர், கூட்டங்கள், பத்திரிகை, கைவேலை, கொண்டாட்டம் என்று சமூகச் சிகிச்சையைத் தொடங்கினார். ஐரோப்பியப் பெண்கள் வார்டில் அது பலித்தது. முஸ்லிம் ஆண்கள் வார்டில் படுதோல்வி. அவருக்கு அரபி தெரியாது, மொழிபெயர்ப்பாளர் வழியாகத்தான் பேசினார். நோயாளிகள்மேல் பழியைப் போட்டிருக்கலாம். அவர் அப்படிச் செய்யவில்லை. ஐரோப்பியச் சட்டகத்தை அப்படியே இறக்கிவைத்தது தங்கள் பிழை என்று 1954-இல் அஸூலேயுடன் சேர்ந்து எழுதினார். வார்டில் அவர்கள் வழக்கப்படி காப்பிக்கடை வந்தது, அவர்கள் பண்டிகைகள் வந்தன, கதைசொல்லி வந்தார். ஒத்துணர்வு என்று நான் மதிப்பது இதைத்தான்: நோயாளியின் மௌனத்தை மறுப்பாகக் கேட்கத் தெரிவது, கேட்டபின் நிறுவனத்தையே மாற்றுவது.

4

இங்கே பயிற்சி எப்படி இருக்கிறது? உளப்பகுப்பாய்வு மரபில் பயிற்சி பெறுகிறவர் தானும் பகுப்பாய்வுக்கு உட்படவேண்டும், மூத்தவரிடம் தன் உரையாடல்களை ஒப்பித்துத் திருத்தம் பெறவேண்டும். நோயாளிமீது தனக்கு ஏன் எரிச்சல் வந்தது, ஏன் பாசம் வந்தது என்று தன் பால்யம்வரை தோண்டவேண்டும். அருமையான ஒழுக்கம். ஆனால் தோண்டும்போது அப்பா வருகிறார், அம்மா வருகிறார், தெரு வருவதில்லை. எந்தத் தெருவில் பிறந்தேன், யாரை ‘வா, போ’ என்று கூப்பிட்டு வளர்ந்தேன் என்பதும் என் நனவிலிதானே? தவிர, திருத்துகிற அறையில் மூத்தவர் இருக்கிறார், மாணவர் இருக்கிறார். யாரைப் பற்றிய பேச்சோ அவர் மட்டும் இல்லை.

அரசு மருத்துவமனையில் கூட்டம் நெரிகிறது, லட்சம் பேருக்கு ஒரு மனநல மருத்துவர்கூட இல்லாத நாட்டில் இதெல்லாம் சாத்தியமா என்று கேட்பார்கள். நேரமின்மை உண்மைதான். ஆனால் ‘எனக்குப் புரியுதும்மா’ என்பதற்கு ஆகும் நேரத்தில், ‘நான் புரிஞ்சுக்கிட்டது சரியாம்மா? நீங்களே சொல்லுங்க’ என்றும் கேட்கலாம். கூட வந்தவனை வெளியே அனுப்பிவிட்டுக் கேட்கலாம். என்னை அனுப்பியிருக்கவேண்டும்.

கோயில்தான் மாற்று என்போருக்கும் ஒரு வார்த்தை. ஆஸ்பத்திரிக்கு முன்பே அக்கா சங்கரன்கோவில் கோமதியம்மன் சந்நிதியில் போய் உட்கார்ந்துவிட்டுத்தான் வந்தார். அங்கே யாரும் ‘புரியுது’ என்று சொல்லவில்லை, அது ஆறுதல் என்றார். சரி. ஆனால் 2001 ஆகஸ்ட் 6-இல் ஏர்வாடிக் காப்பகத்தில் சங்கிலியோடு எரிந்துபோன 28 பேரை மறந்துவிட்டு நம்பிக்கை மரபுகளைக் கொண்டாட என்னால் முடியாது.

அனுபவித்தவருக்குத்தான் அனுபவம் தெரியும் என்ற வாதமும் உண்டு. கோபால் குருவும் சுந்தர் சருக்கையும் 2012-இல் வந்த ‘த கிராக்டு மிரர்’ நூலில், வாழாத வாழ்வைப் பற்றிக் கோட்பாடு பேசும் உரிமை யாருக்கு என்று தர்க்கித்தார்கள். தலித் மருத்துவர்கள், ஆலோசகர்கள் நிறையப் பேர் வரவேண்டும். அதில் இரண்டாம் பேச்சில்லை. அதுவரை அக்கா தூங்காமல் இருக்கவேண்டுமா என்பதும், அவர்கள் வந்தபின் மற்ற மருத்துவர்களுக்கு இந்தப் பொறுப்பு தீர்ந்துவிடுமா என்பதும் மீதமிருக்கிற கேள்விகள்.

5

நான் தமிழ் எம்.ஏ. படித்தவன். தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் அழுகைக்கு நான்கு காரணம் சொல்கிறது. முதலாவது இளிவு, அதாவது பிறரால் இகழப்படுவது. இழப்பும் வறுமையும் அதற்குப் பின்னால்தான். அழுகை இரண்டு வகை, தன் அவலத்துக்கு அழுவது ஒன்று, பிறர் அவலம் கண்டு அழுவது இன்னொன்று, பின்னதைக் கருணை என்பர் என்று பேராசிரியர் உரை விரிக்கிறது. பரீட்சையில் இதை எழுதி மார்க் வாங்கியிருக்கிறேன். அதே நான் வாளியோடு நின்றபோது எதையும் காணவில்லை. ‘பிறர் அவலம் கண்டு’ என்பதில் அந்தக் ‘கண்டு’தான் சிக்கல். அவலம் தானாகக் கண்ணில் படும் என்று உரை நம்புகிறது. சாதி அதைக் கண்ணில் படாமல் செய்துவிடுகிறது. பட்டவர் சொன்னால்தான் நமக்குத் தெரியவரும். அவர் சொல்வதற்கு நாம் இடம் விட்டிருக்கவேண்டும்.

அடுத்த தடவை அக்காவே மருத்துவரிடம் பேசினார். நான் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். உள்ளே என்ன பேசினார்கள் என்று அவர் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

இலக்கியத்தில் விளிம்புநிலை மக்களின் ‘குரலாக’ எழுதுகிற நமக்கும் இது பொருந்தும் என்று நினைக்கிறேன். நாம் எழுதியதைப் பார்த்து ‘இல்ல, அப்படி இல்ல’ என்று அவர்கள் சொல்ல நம் பத்திரிகைகளில் எத்தனை பக்கம் ஒதுக்கியிருக்கிறோம்? நண்பர்கள் விவாதிக்கவேண்டும்.