ஏழடி குறைந்த பாய்மரம்

சொந்தமாக ஒரு முப்பதடிப் பாய்மரப் படகு வாங்கும் யோகம் உங்களுக்கும் எனக்கும் இந்த ஜென்மத்தில் இருக்கிறதா, தெரியவில்லை. இருந்தாலும் இந்த வாரம் படகுப் புத்தகங்களைப் பற்றித்தான் எழுதப்போகிறேன். படகு இல்லாதவர்களையும் பிடிக்கிற ஒரு வியாதி அவற்றில் இருக்கிறது. அதற்குப் பெயர் 'அப்கிரேடு'. பைக் வாங்கினவன் ஹாரன் மாற்றுவான், கேமரா வாங்கினவன் லென்ஸ் மாற்றுவான். படகு வாங்கினவன் 'ரிக்' மாற்றுவான்.

ரிக் என்றால் பாய்மரம், அதை நிமிர்த்திப் பிடிக்கிற கம்பிகள், பாயை ஏற்றி இறக்கும் கயிறுகள், இத்யாதி. நம்ம கடற்கரையில் பாய் ஏற்றும் கயிற்றுக்கு ஆஞ்சான் என்று அழகான பெயர் உண்டு. வெள்ளைக்காரன் கடையில் அதே சாமான் நாலைந்து ரகத்தில், நாலைந்து விலையில் கிடைக்கும்.

இந்த விஷயத்துக்கென்றே கையேடுகள் ஒரு பீரோ நிறைய இருக்கின்றன. நாலைந்து படித்தால் போதும், ஃபார்முலா பிடிபட்டுவிடும். முதல் அத்தியாயம் பயமுறுத்தும்: பாய்மரம் முறிந்த போட்டோ. இரண்டாவது ஆறுதல் சொல்லும்: எல்லாவற்றுக்கும் ஒரு சாதனம் உண்டு. மூன்றிலிருந்து ஷாப்பிங். முன்பாயைச் சுருட்ட ஒரு டிரம், எல்லாக் கயிறுகளையும் பின்னால் உட்கார்ந்த இடத்துக்கே கொண்டுவர ஒரு டஜன் கப்பிகள், இன்னும் பெரிய விஞ்ச், இன்னும் உயரமான மரம். எல்லாம் உபயோகமான சாமான்தான், மறுக்கவில்லை. ஆனால் ஒவ்வொரு கப்பியும் கொஞ்சம் உராய்வைச் சேர்க்கும் என்பதைப் பல கையேடுகள் வேகமாகத் தாண்டிப் போய்விடும். பாய்மர உச்சியில் ஒரு கிலோ ஏற்றினால் அதைச் சரிக்கட்ட அடியில் சுமார் பத்து கிலோ ஈயம் வேண்டும். பள்ளிக்கூட நெம்புகோல் கணக்குதான். விற்கிறவர் இந்தக் கணக்கைச் சொல்ல மாட்டார்.

அதனால் கையேடுகளை மூடிவைத்துவிட்டு, நிஜமாகவே போய்வந்தவர்கள் எழுதியதைப் படிக்கலாம் வாருங்கள்.

முதலில் ஜோஷுவா ஸ்லோகம். 1900-ல் புத்தகமாக வந்த 'செய்லிங் அலோன் அரவுண்ட் த வேர்ல்டு'. நீராவிக் கப்பல்கள் வந்ததில் பிழைப்பைத் தொலைத்த ஒரு பாய்மரக் கப்பல் கேப்டன். நண்பர் ஒருவர் 'உனக்கு ஒரு கப்பல் தருகிறேன், கொஞ்சம் ரிப்பேர் இருக்கிறது' என்கிறார். போய்ப் பார்த்தால் தண்ணீரிலேயே இல்லை, வயல்வெளியில் கிடக்கிற ஒரு மக்கிப்போன படகு. பதிமூன்று மாத உழைப்பு, 553 டாலர் 62 சென்ட் செலவு. அந்த 62 சென்ட்டையும் விடாமல் எழுதியிருப்பதுதான் ஸ்லோகம். 'ஸ்ப்ரே' என்ற அந்த முப்பத்தேழடிப் படகில் 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து கிளம்பி, தன்னந்தனியாக உலகைச் சுற்றி, 1898 ஜூனில் திரும்பினார். 46,000 மைல்.

இப்போது நம் விஷயத்துக்கு வருகிறேன். இந்த மனிதர் வழியில் ரிக்கை 'அப்கிரேடு' செய்கிறார். எப்படி? பியூனஸ் அயர்ஸில் பாய்மரத்தைக் கழற்றி ஏழடி வெட்டி எறிகிறார். முன்னால் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்திலும் சுமார் ஐந்தடி குறைக்கிறார். பின்னால் ஒரு சின்னப் பாய்மரம் நட ஏற்பாடு செய்து, மெகல்லன் நீரிணைப் பக்கம் போனபோது அதில் ஒரு குட்டிப் பாயும் கட்டிவிடுகிறார். ஒரு பெரிய பாயோடு மல்லுக்கட்டுவதற்குப் பதில் சமாளிக்கக்கூடிய சின்னப் பாய்கள். பலன்? பிறகு கோக்கோஸ் தீவுகளுக்குப் போகும்போது 2,700 மைல், 23 நாள். அதில் சுக்கானைக் கையில் பிடித்தது மொத்தமே மூன்று மணி நேரத்துக்கும் குறைவு என்கிறார். படகு தானாகவே நேராகப் போயிருக்கிறது!

ஸ்லோகத்தின் எழுத்து எனக்குப் பிடிப்பதற்குக் காரணம், அவர் எதையும் பெரிசு பண்ணுவதில்லை. பாய்மரத்தை வெட்டிய சமாசாரத்தை முடி வெட்டிக்கொண்ட மாதிரி ரெண்டு வரியில் சொல்லிவிட்டுப் போய்விடுகிறார். குறையும் உண்டு. பயத்தைப் பற்றி வாயே திறப்பதில்லை. ஒன்றரை டாலர் விலை சொன்ன தகரக் கடிகாரத்தை, கண்ணாடி உடைந்திருப்பதால் ஒரு டாலருக்குப் பேசி வாங்கியதைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்கிறவர், ராத்திரியில் என்ன நினைத்தார் என்று சொல்வதில்லை. இதே ஸ்ப்ரேயில் பின்னொரு நாள் கிளம்பிப் போனவர் திரும்பவே இல்லை என்பது தெரிந்தபின் மறுபடி படித்தால், அந்தச் சிரிப்பில் எதையோ மூடிவைத்திருக்கிறார் என்று தோன்றுகிறது.

அடுத்து 1968. எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றுபவருக்குப் பரிசு என்று 'சண்டே டைம்ஸ்' பத்திரிகை அறிவித்தது. ஒன்பது பேர் கிளம்பினார்கள். முடித்தது ஒரே ஒருவர். அந்தப் பந்தயம் மூன்று முக்கியமான புத்தகங்களைக் கொடுத்தது. மூன்றையும் அடுத்தடுத்துப் படிப்பது ஒரு தனி அனுபவம்.

முடித்தவர் ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன். புத்தகம் 'எ வேர்ல்டு ஆஃப் மை ஓன்'. அவருடைய 32 அடி 'சுஹைலி' பம்பாயில், தேக்கு மரத்தில், நம்மூர்த் தச்சர்கள் கட்டியது. வழியில் ஒன்றொன்றாக எல்லாம் உடைகிறது. ரேடியோ போச்சு. தானாகச் சுக்கான் பிடிக்கும் கருவி ஆஸ்திரேலியப் பக்கம் போனபோது போச்சு. பலகை இடுக்கில் தண்ணீர் வருகிறது, மனிதர் நடுக்கடலில் இறங்கி, படகின் அடியில் மூழ்கி அடைக்கிறார். இடையே வந்த ஒரு சுறாவைத் துப்பாக்கியால் சுட்டுவிட்டு வேலையைத் தொடர்கிறார். கருவி போன பிறகு, பாய்களை இழுத்தும் தளர்த்தியுமே படகைத் தானாக ஓடவைக்கக் கற்றுக்கொள்கிறார். 312 நாள் கழித்து, 1969 ஏப்ரல் 22-ல் கரை சேர்ந்தார். உரைநடை ரொம்பச் சாதாரணம், கப்பல் அதிகாரியின் லாக் புத்தகம் மாதிரி. ஆனால் நம்பலாம். இந்த வகை எழுத்தில் அதுதான் முதல் தகுதி.

இரண்டாமவர் பெர்னார் மொய்த்தெஸியே, பிரெஞ்சுக்காரர். தன் இரும்புப் படகுக்கு 'ஜோஷுவா' என்று ஸ்லோகத்தின் பெயரையே வைத்தவர். கிளம்பும் முன் இஞ்சின், சின்னப் படகு, கனமான சங்கிலி என்று கிலோ கிலோவாகக் கழற்றிக் கரையில் வைத்தார். கேப் டவுன் அருகே தகவல் கொடுக்கப் போய் ஒரு கப்பலோடு உரசியதில் முன்னால் நீட்டியிருக்கும் குழாய் வளைந்துவிட்டது. கரைக்குப் போனால் பந்தயம் போச்சு. கப்பி, கயிறு, விஞ்ச், நெம்புகோலாக ஒரு கழி. அவ்வளவையும் வைத்துக்கொண்டு கடலிலேயே அதை நிமிர்த்துகிறார்! 'த லாங் வே' புத்தகத்தில் எனக்கு மிகப் பிடித்த பகுதி அதுதான். கடைசியில், நல்ல நிலையில் போய்க்கொண்டிருந்தவர், பரிசே வேண்டாம் என்று ஒரு கப்பலின் தளத்துக்குக் கவண்கல்லில் செய்தி அனுப்பிவிட்டு தாஹித்திக்குப் போய்விட்டார். ஞானம், பிரபஞ்சம், பறவைகளோடு சம்பாஷணை என்று பல பக்கங்கள் போகும். சிலருக்கு அது வேதம், எனக்குக் கொஞ்சம் தூக்கம். பின்னிணைப்பாகத் தந்திருக்கும் தொழில்நுட்பக் குறிப்புகளை மட்டும் தூங்காமல் படித்தேன். ஒரு சாமியார் இவ்வளவு சுத்தமாகக் கம்பியும் கயிறும் பற்றி எழுத முடியும் என்பதே ஆச்சரியம்.

மூன்றாவதைப் படித்தால் மனசு கனத்துவிடும். டொனால்டு க்ரோஹர்ஸ்ட், எலெக்ட்ரானிக்ஸ்காரர். படகு கவிழ்ந்தால் பாய்மர உச்சியில் ஒரு பை தானாக ஊதிக்கொள்ளும், எல்லாவற்றையும் ஒரு கம்ப்யூட்டர் பார்த்துக்கொள்ளும் என்பது திட்டம். 1968 அக்டோபர் 31-ல் அவர் கிளம்பும்போது படகு முழுக்க வயர்கள் ஓடின. அந்த வயர்கள் போய்ச் சேரவேண்டிய கம்ப்யூட்டர் இல்லை. பிறகு அட்லாண்டிக்கிலேயே சுற்றிக்கொண்டு, உலகைச் சுற்றுவதாகப் பொய்த் தகவல் அனுப்பினார். 1969 ஜூலை 10-ல் படகு ஆளில்லாமல் மிதந்தது. நிக்கோலஸ் டோமலின், ரான் ஹால் என்ற இரு பத்திரிகையாளர்கள் அவருடைய குறிப்பேடுகளை வைத்து எழுதிய புத்தகம், மூன்றில் எழுத்தாகச் சிறந்தது. ஆளைக் கேலி செய்வதில்லை, மன்னித்துவிடுவதும் இல்லை. நாக்ஸ்-ஜான்ஸ்டன் தனக்குக் கிடைத்த 5,000 பவுண்டு பரிசை க்ரோஹர்ஸ்ட் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டார் என்பதையும் சேர்த்துப் படியுங்கள்.

'இதெல்லாம் பழங்கதை சார்' என்பீர்கள். 2018-ல் அதே பந்தயத்தைப் பழைய பாணியிலேயே, ஜி.பி.எஸ். இல்லாமல், சின்னப் படகுகளில் மறுபடி நடத்தினார்கள். ஐந்து படகுகள் பாய்மரத்தை இழந்தன. அதில் ஒன்று நம் அபிலாஷ் டோமியின் 'துரியா'. 2013-ல் எங்கும் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிமுடித்த முதல் இந்தியர். கோவாவில் கட்டிய, சுஹைலியின் அச்சு அசலான நகல் படகில் போனவர். செப்டம்பர் 21-ல் தெற்கு இந்தியப் பெருங்கடலில் படகு புரண்டது, மரம் முறிந்தது, முதுகெலும்பு அடிபட்டது. அசைய முடியாமல் கிடந்தவரை மூன்று நாள் கழித்து பிரெஞ்சுக் கப்பல் ஒன்று மீட்டது. முதுகில் டைட்டானியம் வைத்துத் தைத்துக்கொண்டு 2022-ல் அதே பந்தயத்துக்குப் போய், 2023 ஏப்ரலில் இரண்டாவதாக வந்தார். (இதற்கு நம் ஊரில் எத்தனை பேர் கைதட்டினோம்?)

அந்த 2018 பந்தயத்தை ஜெயித்தவர் ழான்-லுக் வான் டென் ஹீட். வயது 73. கிளம்பும் முன்பே தன் படகின் பாய்மரத்தை ஒன்றரை மீட்டர் குறைத்துவிட்டார். ஸ்லோகத்தின் ஏழடி ஞாபகம் வருகிறதா? நவம்பரில் பசிபிக்கில் அவர் படகும் படுத்து எழுந்தது. கம்பிகளைப் பிடிக்கும் போல்ட் மரத்தைக் கிழித்துக்கொண்டு இறங்கிவிட்டது. 73 வயதில் ஆடுகிற பாய்மரத்தில் பலமுறை ஏறி, கயிற்றால் இழுத்துக் கட்டி, மெதுவாக ஓட்டி, முதலாவதாக வந்தார்.

ஆகவே சாமானே வாங்காதே, ஸ்லோகம் மாதிரி ஒரு டாலர் கடிகாரத்தோடு போ என்கிறேனா? இல்லை. இந்தப் புத்தகங்களைப் படிப்பதில் உள்ள ஆபத்து அது. எளிமையும் ஒரு ஃபேஷனாகிவிடும். டோமியின் மரம் குட்டையாக இருந்திருந்தால் நின்றிருக்குமா? யாராலும் சொல்ல முடியாது. கடல் நீதிக்கதை எழுதுவதில்லை.

கம்பிக்கும் இலக்கியம் தெரியாது. சின்னப் படகின் பாய்மரத்தைப் பிடிப்பது சுண்டுவிரலைவிட மெல்லிய எவர்சில்வர் கம்பி. எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதற்குக் காரணம், காற்றிலுள்ள ஆக்சிஜன் பட்டு அதன்மேல் உருவாகும் ஒரு மெல்லிய படலம். காற்றே படாமல் உப்புத் தண்ணீர் மட்டும் தேங்கும் இடுக்கில் அந்தப் படலம் போய்விடும். கம்பியின் முனையை அழுத்திப் பொருத்தியிருக்கும் குழலுக்குள், கம்பியைத் தாங்கும் பட்டை தளத்தைத் துளைத்துக்கொண்டு இறங்கும் இடத்தில். வெளியே பளபளப்பு, உள்ளே பொக்கு. பத்துப் பதினைந்து வருஷத்தில் கம்பியை மாற்றிவிடு என்று விவரம் தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான். இந்தச் சங்கதிகளுக்கு ப்ரையன் டாஸ் எழுதிய 'த ரிகர்ஸ் அப்ரென்டிஸ்' மாதிரி ஒரு நல்ல கையேடு வேண்டும். முடிச்சுப் போடுவதைச் சந்தோஷமான காரியமாக எழுதத் தெரிந்தவர். நான் முன்னால் திட்டிய கையேடுகளில் இது சேராது. என்ன வாங்கலாம் என்பதைவிட எப்படிச் செய்வது, ஏன் செய்வது என்றே முக்கால்வாசியும் சொல்கிறது.

இன்னொரு வேடிக்கை. இப்போதைய லேட்டஸ்ட் அப்கிரேடு என்ன தெரியுமா? கம்பியைக் கழற்றிவிட்டுக் கயிறு! 'டைனீமா' என்ற செயற்கை இழை. அதே எடையுள்ள எஃகைவிடப் பலம். வெயிலும் உராய்வும் அதற்கு எதிரி. முறுக்காணிக்குப் பதில் பல சுற்றுக் கயிறு கட்டி இறுக்கும் பழைய முறையும் கூடவே திரும்ப வந்துவிட்டது. மரங்களைக் கயிற்றால் கட்டியே கடலுக்குள் போன ஜனங்கள் நாம். ஆங்கிலத்துக்கு 'கட்டமரான்' என்ற வார்த்தையைக் கொடுத்ததும் அந்தக் 'கட்டு'தான். அவர்கள் அந்தப் பெயரை வேறு ஜாதிப் படகுக்கு வைத்துக்கொண்டார்கள் என்பது தனிக்கதை.

படகு உள்ளவர்களுக்கும் மற்ற எதையாவது அப்கிரேடு செய்யத் துடிப்பவர்களுக்கும் இந்தப் புத்தகங்களிலிருந்து நான் எடுத்துக்கொண்டது இது. முதலில் எது கண்ணுக்குத் தெரியாமல் உளுத்திருக்கிறது என்று பாருங்கள், அதை மாற்றுங்கள். அப்புறம் எதைக் கழற்றலாம் என்று பாருங்கள். காசு மிச்சமிருந்தால் மூன்றாவதாகக் கடைக்குப் போங்கள். பெரும்பாலும் அதற்குள் காற்று சாதகமாகத் திரும்பியிருக்கும். கடைக்குப் போகாமல் கடலுக்குப் போய்விடலாம்.

ஒரே ஒரு புத்தகம்தான் படிக்க நேரம் என்பவர்களுக்கு: ஸ்லோகம். காப்புரிமை முடிந்துவிட்டதால் இலவசமாகவே கிடைக்கிறது. அந்த மனுஷனுக்கும் அது பிடித்திருக்கும்.