மிச்சிகன் ஸ்டேட் எழுந்த விதம்

அமெரிக்கக் கல்லூரி ஐஸ் ஹாக்கியில் மிச்சிகன் ஸ்டேட் பல்கலைக்கழகம் பழம்பெரும் பெயர். 1966, 1986, 2007 என மூன்று முறை தேசியப் பட்டம் வென்ற அணி அது. ஆனால் 2012க்குப் பின் பத்தாண்டுக்கும் மேலாக தேசியத் தொடருக்குள்ளேயே நுழைய முடியவில்லை. 2022 மே மாதம் ஆடம் நைட்டிங்கேல் தலைமைப் பயிற்சியாளராக வந்தார். முந்தைய பருவத்தில் 12 வெற்றி, 23 தோல்வி. அவரது முதல் பருவத்தில் 18 வெற்றி, 18 தோல்வி. இரண்டாவதில் 25 வெற்றிகளோடு பிக் டென் லீக் பட்டமும் அந்த லீக்கின் இறுதித் தொடர் பட்டமும் கிடைத்தன.

இதற்குப் பலர் சொல்லும் காரணம் ஒன்றுதான்: நைட்டிங்கேல் அந்தக் கல்லூரியின் முன்னாள் வீரர்; அமெரிக்காவின் தேசிய இளையோர் பயிற்சித் திட்டத்தில் பயிற்சியாளராக இருந்ததால் நாட்டின் தலைசிறந்த சிறுவர்களை நேரடியாக அறிந்தவர். இந்த விளக்கம் போதாது. அவருக்கு முன்பிருந்த டான்டன் கோலும் அதே கல்லூரிக்காக ஆடியவர், 1986இல் பட்டம் வென்ற அணியில் இருந்தவர், அதே இளையோர் திட்டத்திலிருந்து வந்தவர். ஐந்து பருவங்களில் ஒன்றில்கூட அவரது அணி தோல்விகளைவிட அதிக வெற்றி பெறவில்லை. குலமும் கோத்திரமும் ஒன்றாக இருந்தும் முடிவு வேறானது.

இடையில் மாறியது விதி. 2021இல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்.சி.ஏ.ஏ. அமைப்பு, கல்லூரி மாறும் வீரர் ஓராண்டு ஆடாமல் காத்திருக்க வேண்டும் என்ற கட்டுப்பாட்டை ஹாக்கிக்கும் தளர்த்தியது. ஆனால் அந்தக் கதவு எல்லாக் கல்லூரிகளுக்கும்தான் திறந்தது. நைட்டிங்கேல் குழு அதன் வழியே யாரை, எப்போது உள்ளே அழைத்தது என்பதில்தான் வேலையின் நேர்த்தி இருக்கிறது.

முதல் ஆண்டில் அவர்கள் நட்சத்திரங்களைத் துரத்தவில்லை. கோல்கீப்பர் இடத்தைத்தான் முதலில் சரிசெய்தார்கள். வேறு கல்லூரிகளில் ஆடிப் பக்குவப்பட்டிருந்த டிலன் செயின்ட் சைரை ஒரே பருவத்துக்காக அழைத்துவந்தார்கள். தோற்றுப் பழகிய அணிக்கு நம்பகமான கோல்கீப்பர் கிடைத்தால் தடுப்பாட்டக்காரர்கள் பதற்றமின்றி ஆடுவார்கள். பின்தங்கியதும் நிலைகுலைவது குறையும். அடுத்த ஆண்டே நீண்டகாலத் தீர்வாக டிரே அகஸ்டின் வந்தார். பழைய காலத்து வீரர்களையும் ஒட்டுமொத்தமாகக் கழித்துவிடவில்லை. 2023–24 அணியின் தலைவர் நாஷ் நீன்ஹியூஸ், கோல் காலத்தில் சேர்ந்தவர். என் பார்வையில் இந்தப் புனரமைப்பின் ஆகச் சிறந்த முடிவு இதுதான். பட்டம் வென்றபோது, தோல்விகளின் ஆண்டுகளைத் தாங்கியவனும் அதில் பங்கு பெற்றான்.

இதற்குப் பின்பே பெரிய பெயர்கள். இளையோர் திட்டத்தில் நைட்டிங்கேலிடம் ஆடிய ஐசக் ஹோவர்ட், மினசோட்டா டலூத்தில் ஒரு பருவம் கழித்து இங்கே மாறினார். 2025இல் கல்லூரி ஹாக்கியின் உச்ச விருதான ஹோபி பேக்கர் விருதை வென்றார். ஆர்ட்யோம் லெவ்ஷுனோவ் ஒரே பருவம் ஆடினார், தொழில்முறை லீக்கான என்.எச்.எல்.இன் 2024 டிராஃப்டில் இரண்டாவதாகத் தேர்வாகிச் சென்றுவிட்டார்.

பலவீனமும் அங்கேதான். இத்தகைய அணியின் உச்சிக்கு ஓரிரு ஆண்டுதான் ஆயுள். ஒவ்வொரு வசந்தத்திலும் முதுகெலும்பையே மாற்ற வேண்டியிருக்கிறது. தேசியத் தொடரோ ஒரே ஆட்டத்தில் வெளியேற்றும் முறை. 2025இல் டொலீடோவில் கார்னெல் அணி கடைசி நொடிகளில் கோல் அடித்து 4–3 என வென்றது. 26 வெற்றிகள் கண்ட பருவம் முதல் சுற்றிலேயே முடிந்தது. அந்த ஒரு தோல்வியை வைத்துப் புனரமைப்பையே பழிப்பது நியாயமல்ல. ஆனால் தேசியப் பட்டத்தை மட்டும் அளவுகோலாக வைத்து இப்படி ஆள் சேர்க்கும் கல்லூரி, நிச்சயமற்ற ஒன்றுக்காகப் பெரும் விலை கொடுக்கிறது.

அந்த விலையில் ஒரு பங்கை, பெயர் வெளியே தெரியாத மாணவர்கள் கட்டுகிறார்கள். நான்காண்டு ஆடலாம் என்று பதினேழு வயதில் வாக்குக் கொடுத்துச் சேர்ந்தவன், அனுபவசாலி ஒருவர் மாறி வந்ததும் பெஞ்சுக்குப் போகிறான். அவனுக்கும் கல்லூரி மாறும் உரிமை உண்டு என்பது உண்மைதான். அழைக்க ஆள் இருந்தால்தானே அந்த உரிமைக்குப் பொருள்? 2025 ஆகஸ்ட் முதல் கனடாவின் மேஜர் ஜூனியர் லீக் வீரர்களுக்கும் கல்லூரி ஹாக்கி திறந்துவிட்டது. இனி அவனுடைய இடம் இன்னும் சுருங்கும். புதிய பயிற்சியாளரை நியமிக்கும் கல்லூரிகள், ஏற்கெனவே இருக்கும் வீரர்களில் எத்தனை பேரைப் பட்டம் பெறும்வரை வைத்திருப்பார் என்பதையும் நேர்காணலிலேயே கேட்க வேண்டும்.