கதேயின் கருங்கல்

ஜெர்மானியக் கவிஞர் கதே வாழ்நாள் முழுதும் கற்களைச் சேகரித்தவர். விட்டுச் சென்றவை சுமார் 18,000. கிரானைட் என்னும் கருங்கல்லைப் பற்றி 1784-இல் அவர் எழுதிய கட்டுரை அழகானது. கல்லின் மேல் அவருக்கிருந்த அன்பு நம்மையும் தொற்றிக்கொள்கிறது. ஆனால், பாறைகளுள் கருங்கல்லே மூத்தது என்ற அதன் அடிப்படை பிழையானது. அக்கால அறிஞர் பலரும் அப்படித்தான் நம்பினர். மறு ஆண்டே ஸ்காட்லாந்தின் டில்ட் பள்ளத்தாக்கில், வேறு பாறைகளை ஊடுருவிக் கருங்கல் நரம்புகள் ஓடுவதை ஹட்டன் கண்டார். உருகிய குழம்பாகப் பின்னர் புகுந்தாலன்றி இவ்வாறு நேராது. எனவே அங்கே கருங்கல்லே இளையது! பெட்டியில் தனித்திருக்கும் கல்லைக் கண்ணால் பார்த்து இதை அறிய இயலாது. கல் சேகரிக்கும் மாணவர்கள், அது கிடந்த இடத்தையும் அண்டைப் பாறையையும் குறித்து வைப்பது அவசியம்.