பாலு தம்பிக்கு நெல்லையில் எங்கே இடம்?

கடைப் பலகை, கல்யாண பிளெக்ஸ், பள்ளி வேன், ஆண்டுவிழா அழைப்பிதழ் என்று தடித்து உருண்ட, துள்ளலான தமிழ் எழுத்தை இன்று எங்கும் பார்க்கிறோம். இந்த வகையில் ஆழ்ந்து பார்க்கத் தகுந்த ஒன்று ‘பாலு தம்பி’. மும்பையின் ஏக் டைப் குழு வடிவமைத்து, 2016இல் கூகுள் எழுத்துருத் தொகுப்பில் வெளியான எழுத்துரு இது. கிப்ளிங்கின் காட்டுக் கதையில் வரும் கரடியின் பெயரே இந்தக் குடும்பத்தின் பெயர். தமிழ் வடிவம் தம்பி என்றால் மலையாளத்தில் சேட்டன், தெலுங்கில் தம்முடு. திருநெல்வேலியில் இதற்கு மிகப் பொருத்தமான இடங்கள் உண்டு; வைக்கவே கூடாத இடங்களும் உண்டு.

முதலில் நிறைகள். திறந்த உரிமம் என்பதால் சிறிய அச்சகக்காரரும் காசு கொடுக்காமல், களவும் செய்யாமல் தொழிலுக்குப் பயன்படுத்தலாம். அடுத்தது, கனம் வரையப்பட்ட விதம். பிளெக்ஸ் கடைகளில் மெல்லிய எழுத்தைச் சுற்றிக் கோடு போட்டுத் தடிக்க வைப்பது வழக்கம். அப்படிச் செய்தால் சுழிகள் அடைபடும். பாலு தம்பியில் தடிமன் பிறகு ஏற்றியதல்ல; ஒவ்வொரு எழுத்தும் தடித்த எழுத்தாகவே வரையப்பட்டது. மூன்றாவது, தமிழும் ஆங்கிலமும் ஒரே கனத்தில் நிற்பது. பெயர்ப்பலகையில் தமிழே முதன்மையாக இருக்க வேண்டும் என்பது தமிழக அரசின் விதி. ஆங்கிலம் கனத்தும் தமிழ் இளைத்தும் நிற்கும் பலகைகளில் அந்த விதி பெயரளவுக்கே நிறைவேறுகிறது.

உருண்ட எழுத்து தாமிரபரணிக் கரைக்குப் புதிதுமல்ல. வரகுண பாண்டியனின் அம்பாசமுத்திரம் கல்வெட்டு வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டது. ஆனால் அந்த வட்டெழுத்து ஒரு பாடத்தையும் விட்டுச் சென்றிருக்கிறது. நாளடைவில் அதன் எழுத்துகள் பல ஒன்றையொன்று ஒத்துப்போய், படிப்பது கடினமாயிற்று. எழுத்துக்கு எழுத்து வேறுபாடு தெரியும்வரைதான் வளைவு அழகு. தடித்த எழுத்துருவையும் நான் இந்த அளவுகோலை வைத்தே மதிப்பிடுகிறேன்.

குறைகள் வெளிப்படுவதும் இங்கேதான். ‘திருநெல்வேலி’ என்று எழுதிப் பாருங்கள். ஆறே எழுத்துக்குள் மேல்விலங்கு, ஒற்றைச்சுழிக் கொம்பு, புள்ளி, இரட்டைச்சுழிக் கொம்பு எல்லாம் வந்துவிடுகின்றன. ‘நெ’யையும் ‘வே’யையும் குறில் நெடிலாகப் பிரித்துக் காட்டுவது கொம்பின் சிறு சுழிதான். கோடு தடிக்கத் தடிக்க அந்தச் சுழியின் உள்வெளி குறைகிறது. தலைப்பு அளவில் சிக்கல் இல்லை. அதையே துண்டறிக்கையின் சிறிய எழுத்தில் அடித்தால் மை பரவி, சுழி மூடி, ‘எ’கரமும் ‘ஏ’காரமும் ஒன்றாகிவிடும்.

தாமிரபரணிக் கரை ஊர்ப் பெயர்களின் நீளம் இன்னொரு சிக்கல். சேரன்மகாதேவி, கல்லிடைக்குறிச்சி போன்ற பெயர்களை மிகத் தடித்த எழுத்தில் ஒரே வரியில் அடைக்க வேண்டுமானால் அளவைச் சுருக்க வேண்டும். சுருக்கினால் தடித்ததன் பயனே போய்விடும். மாலை இருட்டில், நகர்ந்துவரும் பேருந்தின் ஊர்ப்பலகையைப் படித்தாக வேண்டியவருக்கு இந்த எழுத்து உதவாது. ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரியில் அவசரப் பிரிவைத் தேடி ஓடுபவருக்கும் உதவாது. கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியிலோ இது துக்கத்துக்கே பொருந்தாத குரலில் பேசும்.

பொருந்தும் இடங்களும் தெளிவானவை. ‘அல்வா’ மூன்றே எழுத்து, ஒரே ஒரு புள்ளி. லாலா கடைப் பலகையில் இந்த எழுத்தில் எழுதினால் தெருவின் எதிர்ப்பக்கத்திலிருந்தே தெரியும். ஆனித் தேர் நாளில் ‘நீர்மோர்ப் பந்தல்’, புத்தகத் திருவிழாவில் சிறுவர் அரங்கு, குழந்தைக் கதைநூலின் மேலட்டை, குற்றாலச் சாரல் விழா அறிவிப்பின் தலைப்பு ஆகியவற்றிலும் சொற்கள் குறைவு, அளவு பெரிது, செய்தி மகிழ்ச்சியானது. இந்த மூன்றும் சேரும் இடமே பாலு தம்பிக்கு உரியது. நீளமான பெயர் என்றால் 2019இல் வந்த ‘பாலு தம்பி 2’இன் ஐந்து கனங்களில் மெலிந்த ஒன்றை எடுக்கலாம். தலைப்புக்குக் கீழே வரும் உரைப்பகுதிக்கு அதே குழுவின் ‘முக்த மலர்’ போதும். எதை எடுத்தாலும் நிழலும் வெளிக்கோடும் சேர்க்க வேண்டாம். அச்சுக்கு அனுப்பும் முன் திரையில் சிறிதாக்கி, கொம்பும் புள்ளியும் பிரிந்து தெரிகின்றனவா என்று பார்த்துவிட வேண்டும்.

கடைசியாக ஒரு குறை. இது எழுத்துருவின் குறையன்று, நம் பயன்பாட்டின் குறை. இலவசமாக ஒன்று நன்றாகக் கிடைத்ததும் எல்லாத் தெருவும் அதையே உடுத்திக்கொள்கிறது. சுவரின் நீளத்தைப் பார்த்து எழுத்தை ஒடுக்கியும் அகட்டியும் எழுதிய நம் போர்டு ஓவியர்களின் கைவண்ணம் பிளெக்ஸ் வந்தபின் மறைந்துவருகிறது. ஹனீஃப் குரேஷி தொடங்கிய ‘ஹேண்ட்பெயின்டட் டைப்’ திட்டம் சாலையோர ஓவியர்களின் எழுத்துகளை எழுத்துருக்களாக்கியது. பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை மிஞ்சியிருக்கும் சுவரெழுத்துகளுக்கும் அது நடக்க வேண்டும். நெல்லையின் கல்லூரிகள் மாணவர்களைக் கேமராவோடு அனுப்பி, எழுதியவரின் பெயரோடும் இசைவோடும் அவற்றைப் பதிவு செய்யலாம். அப்போது தடித்த தலைப்பு தேவைப்படும் நெல்லைக் கடைக்காரருக்கு பாலு தம்பியோடு தன் ஊர்க்காரர் எழுதிய எழுத்தும் தேர்ந்தெடுக்கக் கிடைக்கும்.