ஊர்ப்பெயர் உண்டு, ஊர் எங்கே?

அலங்காநல்லூர் வாடிவாசலில் மாடு வெளியே வருவதற்கு முன்பே அதன் ஊர் மைக்கில் வந்துவிடும். எந்த ஊர், யார் வீட்டு மாடு என்று சொல்லித்தான் அவிழ்ப்பார்கள். அந்த ஊர்க்காரர்கள் கேலரியில் எழுந்து நிற்பார்கள். மாட்டுக்கு ஒருவர்தான் சொந்தக்காரர். பேர் ஊர் முழுவதற்கும் சொந்தம்.

2021இல் ஸ்கை இ-ஸ்போர்ட்ஸ் நடத்திய, வேலரன்ட் என்ற கணினி விளையாட்டின் லீக் இந்த ஊர்ப்பற்றை நம்பிக் கட்டப்பட்டது. சென்னையிலிருந்து சிவா நந்தி தொடங்கி வளர்த்த நிறுவனம் அது. சென்னை கிளட்சர்ஸ், பெங்களூர் க்ரஷர்ஸ், டெல்லி டிராகன்ஸ், மும்பை ஏசஸ் என்று ஐபிஎல் பாணியில் நகரத்துக்கு ஓர் அணி. ஏற்கெனவே வேறு பெயர்களில் ஆடிவந்த அணிகளே நகரச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தன. கொரோனா காலம் என்பதால் ஆட்டம் முழுக்க இணையத்தில்.

அந்த லீக் செய்த பெரிய நன்மை மொழி சார்ந்தது. தமிழிலும் பிற தென்னக மொழிகளிலும் வர்ணனை வைத்தார்கள். கூட்டாளிகள் நால்வரும் விழுந்தபின் தனி ஆளாக நின்று ரவுண்டை வெல்வதற்குக் 'கிளட்ச்' என்று பேர். அந்தப் பதற்றத்தைத் தமிழில் கேட்கும்போது உசிலம்பட்டிப் பையனுக்கும் அது தன் ஆட்டமாகிறது. இந்திய இ-ஸ்போர்ட்ஸ் ஆங்கிலமும் இந்தியும் மட்டுமே பேசிக்கொண்டிருந்தால் இந்தப் பக்கம் அது வேர் பிடித்திருக்காது.

ஆனால் அந்தப் பையன் ஆடுவது வேலரன்ட் அல்ல. வேலரன்டுக்கு நல்ல கம்ப்யூட்டர் வேண்டும். மதுரையின் தெருக்களிலும் மேலூர், திருமங்கலம் பக்கத்து ஊர்களிலும் ஆட்டம் என்றால் கைபேசி. பப்ஜி, ஃப்ரீ ஃபயர், பின்னர் பப்ஜியின் இந்தியப் பதிப்பான பிஜிஎம்ஐ. நகரப் பெயரில் லீக் நடத்தியவர்கள், அந்த நகரத்தைச் சுற்றியுள்ளவர்கள் கையில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லை. இதுதான் அந்த அமைப்பின் பெரிய ஓட்டை. உள்ளூரில் தேர்வாகி, மாவட்டத்தில் ஜெயித்து, நகர அணிக்குப் போகும் படிக்கட்டு அதில் இல்லை. படிக்கட்டு இல்லாத அணிக்கு எந்த ஊர்ப்பெயரை வைத்தால் என்ன?

கோடிகளைக் கொட்டியவர்களும் இதே இடத்தில்தான் சறுக்கினார்கள். 2018இல் தொடங்கிய ஓவர்வாட்ச் லீக்கில் ஒரு நகர அணிக்கான இடத்தின் விலை 2 கோடி டாலர் என்று செய்திகள் வந்தன. முதல் ஆண்டுக் கோப்பையை வென்றது லண்டன் ஸ்பிட்ஃபயர். வீரர்கள் அத்தனை பேரும் கொரியர்கள். சீசன் ஆட்டங்கள் நடந்ததோ கலிபோர்னியாவில். அணிகளைச் சொந்த ஊர்களுக்கு அனுப்பும் திட்டம் 2020இல் கொரோனாவில் முடங்கியது. 2023 சீசனோடு லீக்கே முடிந்துபோனது.

சொந்த ஊரில் ஆடாவிட்டால் ஊர் அணியே கிடையாது என்று சொல்லிவிடவும் முடியாது. மதுரைக்கே அந்த அனுபவம் உண்டு. டிஎன்பிஎல் கிரிக்கெட்டில் மதுரை பாந்தர்ஸ் 2018இல் கோப்பை வாங்கியது சென்னை சேப்பாக்கத்தில். மதுரை சிந்தாமணியில் வேலம்மாள் மைதானத்தைத் தோனி திறந்துவைத்தது 2025 அக்டோபரில். ஏழு ஆண்டு இடைவெளி! இருந்தும் மக்கள் அந்த அணியை விட்டுவிடவில்லை. காரணம் எளிது: டிஎன்பிஎல் வீரர்கள் தமிழ்நாட்டு மாவட்ட லீக்குகளில் ஆடி வந்தவர்கள். மைதானம் பின்னால் வந்தது, ஆள் முன்னால் இருந்தார்.

இ-ஸ்போர்ட்ஸுக்குக் கூடுதலாக ஒரு சிக்கல். கபடியின் விதிகளை யாரும் கடையிலிருந்து எடுத்துவிட முடியாது. 2022 ஜூலை 28 அன்று பிஜிஎம்ஐ ஆப் ஸ்டோர்களிலிருந்து காணாமல் போனது. திரும்பி வர 2023 மே ஆகிவிட்டது. பத்து மாதம் ஒரு தலைமுறையின் பயிற்சி தடுமாறியது. ஆட்டம் ஒரு கம்பெனியின் சொத்தாக இருக்கும்வரை இந்த ஆபத்து தீராது. லீக் நடத்துபவர் ஒரே ஆட்டத்தை நம்பாமல் இருக்கலாம், அவ்வளவுதான்.

பெற்றோரின் பயத்தையும் சேர்த்துத்தான் எடைபோட வேண்டும். ஆன்லைன் ரம்மியில் பணம் இழந்து உயிர்விட்டவர்களின் செய்திகளைப் படித்த வீட்டில் 'ஆன்லைன் கேம்' என்ற சொல்லே கசக்கும். அந்தத் துயரங்களின் பின்னணியில்தான் தமிழ்நாடு 2022இல் சட்டம் இயற்றியது. மத்திய அரசின் 2025 சட்டம் பணம் கட்டி ஆடுவதைத் தடைசெய்து, இ-ஸ்போர்ட்ஸை விளையாட்டாகத் தனியே பிரித்தது. சட்டம் பிரித்துவிட்டது, வீட்டுத் திண்ணையில் இன்னும் பிரியவில்லை. பையன் கதவைச் சாத்திக்கொண்டு ஹெட்போனோடு உட்கார்ந்திருந்தால், அவன் சூதாடுகிறானா போட்டி ஆடுகிறானா என்று அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

மதுரை தமுக்கம் மைதானத்தில் ஒரு பெரிய திரை, அமெரிக்கன் கல்லூரிக்கும் தியாகராசர் கல்லூரிக்கும் கைபேசியில் ஒரு நேரடி ஆட்டம், தமிழில் வர்ணனை: அடுத்து நகரப் பெயரில் லீக் தொடங்குபவர்கள் இந்த அளவிலிருந்து ஆரம்பிக்கலாம். ஆடுகிறவன் எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை என்று மைக்கில் சொல்லட்டும். அம்மா முன்வரிசையில் உட்கார்ந்து கேட்கட்டும்.