சிலுவையும் இளைப்பாற்றியும்: இரட்சணிய யாத்திரிகம் குறித்து ஒரு மறுவாசிப்பு

எச்.ஏ. கிருஷ்ணபிள்ளை (1827–1900) இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் நம் இலக்கிய வரலாற்று நூல்களில் பெரும்பாலும் இரண்டு தொடர்களால் அறிமுகப்படுத்தப்பட்டு வருகிறது. ஒன்று, அது ஜான் பன்யனின் பில்கிரிம்ஸ் புரோகிரஸ் என்னும் ஆங்கில நூலின் வழிநூல் என்பது. மற்றொன்று, அதன் ஆசிரியர் 'கிறித்தவக் கம்பர்' என்பது. இவை பிழையான கூற்றுகள் அல்ல. ஆயினும், முதல் தொடர் நூலின் பொருளைப் பன்யனிடம் ஒப்படைத்துவிடுகிறது. இரண்டாம் தொடர் அதன் நடையைக் கம்பரிடம் ஒப்படைத்துவிடுகிறது. கிருஷ்ணபிள்ளைக்கென்று எஞ்சுவது யாது என்னும் வினா எழுப்பப்படாமலேயே போகிறது. பலியும் நித்திய இளைப்பாறுதலும் இக்காப்பியத்தில் எவ்வாறு உறவுகொள்கின்றன என்பதை நோக்கினால் அவ்வினாவுக்கு ஒரு விடை கிடைக்கும் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

இவ்வினாவை எனக்கு உணர்த்தியவர் ஒரு மாணவி. ஆசிரியப் பயிற்சி முடித்துப் பட்டப்படிப்புக்கு வந்திருந்த அவர், வகுப்பில் இந்நூலைப் பற்றிய பேச்சு எழுந்தபோது, "இங்கே பாடுபடு, அங்கே இளைப்பாறலாம் என்றுதானே தோட்டத்தில் என் பாட்டிக்கும் சொன்னார்கள், ஐயா? அதற்கு ஒரு காப்பியம் வேண்டுமா?" என்று கேட்டார். அன்று நான் அளித்த விடை நிறைவானதன்று. உருவகக் காப்பியத்தின் இலக்கணத்தைக் கூறி அடுத்த பாடத்திற்குச் சென்றுவிட்டேன்.

மாணவியின் குற்றச்சாட்டு பன்யனின் நூலுக்கு ஓரளவு பொருந்தும். 1660ஆம் ஆண்டு முதல் பன்னிரண்டு ஆண்டுகள் பெட்ஃபர்டு சிறையில் கிடந்த அவர், 1678இல் வெளியிட்ட நூல் அது. முதுகில் சுமையோடு புறப்படும் பயணி, மேட்டின்மேல் சிலுவையைக் கண்டதும் சுமை அவிழ்கிறது. உருண்டு சென்று கீழேயுள்ள கல்லறையின் வாயில் விழுந்து மறைகிறது. நூலின் மையம் இதுவே. ஆனால் இது சில வரிகளில் முடிந்துவிடுகிறது. சிலுவையில் நிகழ்ந்தது என்ன என்பதைப் பன்யன் கதையாக விரிப்பதில்லை. தம் வாசகர் அதனை அறிவர் என்று கொள்கிறார். அதன்பின் வருவதெல்லாம் வழியின் இடர்களே. வழியில் இளைப்பாறுதலே ஆபத்தாகிறது. குன்றின் பாதியில் அமைந்த பந்தலில் கண்ணயரும் பயணி, தன் சான்றோலையைத் தவறவிட்டு வந்த வழியே திரும்பி நடக்க நேர்கிறது. உறக்கம் குற்றம், ஓய்வு இறுதியில் மட்டுமே. பன்யன் தம் கொள்கையளவில் அருளைப் பேசியவரே. எனினும் கதையை மட்டும் படிப்பவர்க்கு ஓய்வு உழைப்பின் கூலி போலத் தோன்றுவதைத் தவிர்க்க இயலவில்லை.

முனைவர் பட்ட ஆய்வுக்காக இலண்டனில் தங்கியிருந்த நாள்களில் பன்ஹில் ஃபீல்ட்ஸ் இடுகாட்டில் பன்யனின் கல்லறையைக் கண்டேன். மேலே அவர் துயில்பவர்போல் சாய்ந்து கிடக்கிறார். பக்கவாட்டில் இரண்டு புடைப்புச் சிற்பங்கள்: ஒன்றில் சுமை தாங்கிக் கோலூன்றி நிற்கும் பயணி, மற்றொன்றில் சிலுவையடியில் சுமை நீங்கிய பயணி. சுமை, சிலுவை, துயில் ஆகிய மூன்றையும் ஒரு கல்லிலேயே காணலாம். சிலுவையில் தொங்கியவர் மட்டும் அங்கில்லை.

கிருஷ்ணபிள்ளை செய்த பெரிய மாற்றம் இங்கேதான் உள்ளது. 'நற்போதகம்' இதழில் பதின்மூன்று ஆண்டுகள் தொடராக வந்து, 1894இல் நூலுருப் பெற்ற அவருடைய காப்பியம் ஐந்து பருவங்களும் 3,766 பாடல்களும் கொண்டது. அதன் குமார பருவத்தில், பன்யனிடம் இல்லாத இரட்சணிய சரிதப் படலம் இடம்பெறுகிறது. இயேசு கைது செய்யப்படுதலும் விசாரணையும் ஏளனமும் அங்கே விரிவாகப் பாடப்படுகின்றன. 'வழிநூல்' என்னும் சொல்லை அப்படியே ஏற்றுக்கொண்டால் இப்படலத்தை ஓர் இடைச்செருகல் என்றே கூற வேண்டிவரும். மாறாக, நூலின் அச்சு இதுவே என்று கொள்வதற்கு இடமுண்டு. பயணி அடையப்போகும் ஓய்வுக்கு விலை கொடுத்தவர் வேறொருவர் என்பது வாசகனின் கண்முன் நிகழ்ந்துவிடுகிறது. இனிப் பயணத்தின் எத்துன்பமும் கூலிக்குரிய உழைப்பாக எண்ணப்பட முடியாது.

அப்படலத்தில் ஓரிடம் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இயேசுவைக் கயிற்றால் கட்டுகின்றனர். அவர் இசைந்து நிற்கிறார். அவரைப் பிணித்தது கயிறு என்று எண்ணாதீர், பகைத்த மக்கள்பால் அவர் கொண்ட அன்பே அவரைப் பிணித்தது என்னும் கருத்துப்படக் கவிஞர் பாடுகிறார். அங்குக் கயிற்றுக்கு அவர் ஆளும் சொல் 'பாசம்'. கயிறு, அன்பு, சைவ சித்தாந்தம் கூறும் உயிர்க்கட்டு ஆகிய முப்பொருளும் தமிழ் வாசகனின் செவியில் ஒருங்கே ஒலிக்கும். உயிரைக் கட்டும் பாசத்தை அவிழ்க்க வந்தவர் தாமே பாசத்தால் கட்டுண்கிறார். இந்நயம் பன்யனின் ஆங்கிலத்திலிருந்து வந்திருக்க இயலாது.

கட்டுண்ண உடன்படும் இறைவன் என்னும் படிமம் கிருஷ்ணபிள்ளைக்கு எங்கிருந்து கிடைத்தது? நெல்லைச் சீமையின் கரையிருப்பில் வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்து, 1858இல் தம் முப்பத்தோராம் அகவையளவில் திருமுழுக்குப் பெற்றவர் அவர். அச்சீமையில்தான் ஆழ்வார்திருநகரி உள்ளது. சிறுகயிற்றால் கட்டுண்ட கண்ணனின் எளிமையை எண்ணி நம்மாழ்வார் ஆறு திங்கள் மயங்கிக் கிடந்தார் என்பது உரையாசிரியர் மரபு. மதுரகவியாழ்வாரின் பிரபந்தத்துக்குப் பெயரே கண்ணிநுண் சிறுத்தாம்பு. யசோதையின் கயிறு எருசலேமின் கயிறாக மாறியது என்று நேர்க்கோடு இழுப்பது மிகையாகும். ஒன்று தாயின் விளையாட்டு, மற்றொன்று கொலைக்கு முன்னோடி. ஆயினும், ஆற்றலுடையோன் அன்பினால் கட்டுக்கு இசைவதை மேன்மையாகக் காணும் பார்வையைக் கவிஞர் புதிதாகக் கற்க வேண்டியிருக்கவில்லை. சமயம் மாறியபோது அவர் விட்டுவந்தவை பல. இப்பார்வையை அவர் விட்டுவிடவில்லை எனலாம்.

ஈண்டு ஒரு சொல்லாய்வுக் குறிப்பு பொருந்தும். இன்று நாம் 'தியாகம்' என்றால் இழப்பை நினைக்கிறோம். பழைய வழக்கில் அச்சொல் கொடையையே குறித்தது. விக்கிரம சோழனுக்குத் 'தியாக சமுத்திரன்' என்னும் விருதுப்பெயர் இருந்தமை அறிந்ததே. விவிலியத் தமிழோ 'பலி' என்னும் சொல்லை எடுத்துக்கொண்டது. இரட்சணிய சரிதப் படலத்தில் இயேசு பலியாகிறார் என்பது கதை. கொடுக்கிறார் என்பது பாடலின் தொனி.

இனி இளைப்பாற்றி. இந்நாட்டுத் தமிழ்க் கத்தோலிக்கர் இறந்தோர்க்கான மன்றாட்டில் 'நித்திய இளைப்பாற்றி' என்று கூறுவதைக் கேட்டிருக்கிறோம். பன்யனின் காலத்தவரான ரிச்சர்ட் பாக்ஸ்டர் 1650இல் தம் பெருநூலுக்கே தூயோரின் நித்திய ஓய்வு என்று பெயரிட்டார். ஆனால் வைணவ மரபின் வைகுந்தம் ஓய்வுக்கான இடமன்று. அது இடையறாத கைங்கரியத்தின் இடம். பன்யனின் விண்ணகரிலும் ஓய்வும் இறைபணியும் இணைந்தே பேசப்படுகின்றன. ஆகவே அடைந்தவர் சும்மா இருப்பதில்லை என்பதில் கிருஷ்ணபிள்ளையின் இளமைக்கால மரபும் அவர் ஏற்ற முதல்நூலும் முரண்படவில்லை. கூலிக்கு வேலை செய்பவனுக்கே ஓய்வு வேலையின் எதிர்ச்சொல். அன்பினால் பணிபுரிபவனுக்குப் பணியே ஓய்வாகலாம்.

இவ்விடத்தில் மாணவியின் வினாவுக்குத் திரும்ப வேண்டியுள்ளது. மேலே கூறியவை அவருக்கு முழு விடையாகா. ஓய்வு கூலியன்று, கொடை என்று காப்பியம் காட்டலாம். ஆனால் தோட்டத்துப் பிரசங்கத்தில் அது கூலியாகவே சொல்லப்பட்டது. அதுவும் வேறெவரோ தர வேண்டிய கூலிக்கு ஈடாக. கிருஷ்ணபிள்ளையின் பயணி உழைத்துக் களைத்த உடலுடையவனல்லன். அவன் கற்றவன், பாவத்தின் சுமையால் வருந்துபவன். பால்வாளி சுமப்பவளின் தோள்வலியை இக்காப்பியம் அறியாது. காப்பிய மரபின் உயர்நடையும் அதனை அறியவிடாது. இக்குறையை மறைத்து 'கிறித்தவக் கம்பர்' என்று புகழ்வதால் கவிஞருக்குப் பெருமை சேராது.

சில வாரங்களுக்குப் பின் கயிற்றைப் பற்றிய அப்பாடல்களை வகுப்பில் பொருள்கூறிப் படித்தோம். பாடவேளை முடிந்தபின் அம்மாணவி வந்து, பாட்டியின் வீட்டுச் சுவரில் மோட்சத்தின் படம் ஏதும் இருந்ததில்லை என்றார். கைகள் கட்டப்பட்டு நிற்கும் இயேசுவின் படம் ஒன்றுதான் இருந்ததாம். பாட்டி அதனிடம் எதுவும் கேட்டு வேண்டியதாகத் தமக்கு நினைவில்லை என்றும், மாலையில் அதன் எதிரே கால் நீட்டி உட்கார்ந்திருப்பார் என்றும் கூறினார்.