வாரக் கணக்கில் யார் பெயர்?

பல்கலைக்கழகக் கட்டடத்துக்கு அட்டவணை போடும்போது முதலில் முடிவாவது திறப்பு நாள்தான். ஜூனில் வகுப்பு தொடங்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணுகிறார்கள். அப்படி எண்ணும்போது கடைக்கால் தோண்டும் வேலை வடகிழக்குப் பருவமழையில் போய் விழுந்தாலும் யாரும் நாளை மாற்றுவதில்லை. 1950களின் இறுதியில் டூபான்ட் நிறுவனத்தில் உருவான 'கிரிட்டிக்கல் பாத்' முறை, எந்த வேலை தாமதித்தால் மொத்தமும் தாமதிக்கும் என்று சரியாகவே காட்டும். அந்த வேலையை இந்த வாரம் தொடங்க முடியுமா என்பதை அது சொல்லாது.

அதைச் சொல்ல வந்தது, அமெரிக்காவில் கிளென் பல்லார்டும் கிரெக் ஹோவெலும் 1990களில் வகுத்த 'லாஸ்ட் பிளானர்' முறை. சென்ட்ரிங் மேஸ்திரி, எலெக்ட்ரீஷியன், பிளம்பர் எல்லோரும் உட்கார்ந்து, தடை நீங்கிய வேலைகளுக்கு மட்டும் வாக்குக் கொடுப்பார்கள். வாரக் கடைசியில் எத்தனை விழுக்காடு முடிந்தது என்று எண்ணி, முடியாததற்குக் காரணம் எழுதுவார்கள். தொடக்க கால ஆய்வுகளில் ஏறத்தாழ பாதி வேலைகளே சொன்ன வாரத்தில் முடிந்திருந்தன.

இதன் பெரிய பலம், மேலிருந்து வரும் அவசரத்துக்கு மேஸ்திரி பதில் சொல்ல முடிவது. ஆறு மீட்டருக்கு மேல் நீளும் பீமின் முட்டுகளைச் சாதாரண சிமெண்ட் என்றால் 21 நாள் வைத்திருக்கச் சொல்கிறது கான்கிரீட்டுக்கான இந்தியத் தரநிலை ஐ.எஸ். 456. கருத்தரங்கக் கூடங்களில் இத்தகைய பீம்களே அதிகம். "முட்டு நிற்கிறது, கீழே பூச்சு வேலைக்கு ஆள் இறக்க முடியாது" என்று அவர் சொன்னால், அந்த நாட்களைத் திருட முடியாது.

ஆனால் வேதியியல் ஆய்வகத்தில் முறை தடுமாறுகிறது. நச்சுப்புகை உறிஞ்சும் பெட்டிகள் எந்தச் சுவரில் வரும் என்று துறை முடிவு செய்யாமல், தளத்தில் குழாய்க்குத் துளை விட முடியாது. கோப்பு குழுவுக்கும் கொள்முதல் பிரிவுக்கும் போய்த் திரும்புவதற்குள் கான்கிரீட் போட்டாகிவிடும். பிறகு இறுகிய கான்கிரீட்டைத் துளைக்கும் கோர் கட்டிங்தான். கம்பி அறுபடுமோ என்று கட்டமைப்புப் பொறியாளரை மறுபடி அழைக்க வேண்டும். வாரக் கணக்கிலோ பிளம்பர் வேலை 'முடியவில்லை' என்று ஏறும். காரணம் எழுதலாம்தான், கூட்டத்துக்கே வராதவரிடம் பதில் கேட்பது யார்? இது அநியாயம் மட்டுமல்ல, அட்டவணைக்கும் கேடு. அடுத்த வாரம் பிளம்பர் எளிதில் முடிகிற வேலைக்கு மட்டும் வாக்குக் கொடுப்பார். விழுக்காடு உயரும், கட்டடம் உயராது.

முறையைக் கைவிடச் சொல்லவில்லை. துறைத் தலைவர் ஆய்வக வரைபடத்தில் கையெழுத்திடும் நாளும், கணக்குப் பிரிவு பில்லை விடுவிக்கும் நாளும், மேஸ்திரியின் வாக்கு இருக்கும் அதே தாளில் ஏறி, அதே வாரக் கடைசியில் எண்ணப்பட வேண்டும்.